கியூரி அம்மையாரும் என் முதலாண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டதும், மேரி கியூரி அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன் என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். தோழியர் சிரித்தனர். கியூரி அம்மையாரைப் பற்றி எழுதாத கல்லூரி மலர் உண்டா என்று கேட்டனர். உண்மைதான். எங்கள் நூலகத்தில் உள்ள பழைய மலர்களிலேயே அவரைப் பற்றி மூன்று கட்டுரைகளைப் பார்த்தேன். அவற்றிலெல்லாம் அம்மையார் இரண்டாம் பத்தியிலேயே ரேடியத்தைக் கண்டுபிடித்து, மூன்றாம் பத்தியில் நோபல் பரிசு பெற்றுவிடுகிறார். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அப்படியே. ஆனால் நான் எழுத விரும்புவது அதற்கு முன் நடந்தவற்றை. அவர் ஒரு சாதாரண மாணவியாக, வகுப்பில் நடத்துவது புரியாமல் விழித்த நாட்களைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு என் கதையிலும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், வாசகர்கள் பொறுத்தருள்க.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா காங்கேயம் பக்கம் தேங்காய்க் களத்தில் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பவள். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போனாள். இப்போது ஓவர்லாக் தைக்கிறாள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓராண்டு அதே ஊரில் செக்கிங் வேலை பார்த்தேன். இருவரில் ஒருத்தியாவது படித்தாக வேண்டும் என்று அக்காதான் முடிவு செய்தாள். என் விண்ணப்பத்துக்கும் சேர்க்கைக்கும் அவளுடைய சனிக்கிழமைச் சம்பளம்தான் கைகொடுத்தது.

அத்தனை பாடுபட்டுச் சேர்ந்த வகுப்பில் முதல் நாளே எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் ஆயிற்று. தமிழ் வழியில் படித்தவள் நான். முடுக்கம் தெரியும், உந்தம் தெரியும், வகைக்கெழு தெரியும். கரும்பலகையில் டெரிவேடிவ் என்று எழுதியபோது, அது என் பழைய வகைக்கெழுதான் என்று கண்டுகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் பாடம் எங்கோ போய்விட்டது. கேட்கலாம் என்றால் நா எழவில்லை. முதல் பருவத் தேர்வில் ஆங்கிலத்திலும் துணைப்பாடமான கணிதத்திலும் அரியர். முடிவு வந்த அன்று மாலையே விடுதியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே திருப்பூருக்குப் போய் அக்காவின் அறைக் கதவைத் தட்டினேன். பழையபடி செக்கிங் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்றேன். அவள் திட்டவில்லை. சோறு போட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்து வந்து, இந்தப் பருவம் முடியும்வரை இரு அம்மிணி, பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி ஏற்றிவிட்டாள். அன்று அவளுக்கு ஒரு ஷிப்டுச் சம்பளம் போயிற்று.

திரும்பி வந்த வாரத்தில்தான் நூலகத்தில் அந்தப் புத்தகம் என் கையில் அகப்பட்டது. கியூரி அம்மையாரின் இளைய மகள் ஈவ் கியூரி எழுதி 1937-இல் வெளிவந்த வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அட்டை கழன்று, பக்கங்கள் பழுப்பேறியிருந்தன. ஆங்கிலத்தில் தோற்றவளுக்கு ஆங்கிலப் புத்தகம் எதற்கு என்று ஒருகணம் வைத்துவிடப் பார்த்தேன். ஏனோ எடுத்து வந்தேன். முதல் பக்கத்தை முடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று; அகராதி மடியிலேயே கிடந்தது. ஞாயிறுதோறும் அக்கா தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த வாரம் படித்த மட்டும் தொடர்கதை போலச் சொல்வேன். இனி வருவது நான் அக்காவுக்குச் சொன்ன கதைதான்.

மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா 1867 நவம்பர் 7-ஆம் நாள் வார்சா நகரில் பிறந்தார். ஐந்து மக்களில் கடைக்குட்டி. போலந்து அப்போது உலகப் படத்தில் தனி நாடாக இல்லை. வார்சா ருஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. பள்ளிகளில் ருஷ்ய மொழிதான்; தாய்மொழியில் பாடம் சொல்லித்தருவது குற்றம். தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். மேலதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளாகிப் பதவி இறங்கியதால், வருமானத்துக்காக வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துச் சோறுபோட்டுப் பாடம் சொன்னார். அந்த நெருக்கடியான வீட்டில் டைபஸ் காய்ச்சல் புகுந்து மூத்த மகளைக் கொண்டுபோயிற்று. 1878-இல் காசநோயால் தாயும் மறைந்தார். மரியாவுக்கு அப்போது வயது 10.

1883-இல் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தார். பதக்கம் கிடைத்து என்ன பயன்? வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அண்ணன் அங்கே மருத்துவம் படித்தான். தங்கைமார் வெளியே நின்றனர். காவலருக்குத் தெரியாமல் வீடு வீடாக இடம் மாறி நடந்த பறக்கும் பல்கலைக்கழகம் என்ற இரகசிய வகுப்புகளில் மரியாவும் அக்கா பிரோனியாவும் சேர்ந்தனர். பிரோனியாவுக்குப் பாரிஸ் சென்று மருத்துவர் ஆக ஆசை. அவர் சேர்த்து வைத்த பணமோ பயணச் செலவுக்கும் ஓராண்டுப் படிப்புக்கும்தான் போதும். படிப்பு முடிய ஐந்தாண்டுக்கு மேல் ஆகும்.

அப்போது தங்கை ஒரு கணக்குப் போட்டார். முதலில் அக்கா போகட்டும். நான் பணக்கார வீடொன்றில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போய் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அக்கா மருத்துவர் ஆனபின் என்னை அழைத்துக்கொள்ளட்டும். மூத்தவள் முதலில் என்பது மட்டுமே இதற்கு அவர் சொன்ன நியாயம். இந்த இடத்தைச் சொன்னபோது தொலைபேசியின் அந்தப் பக்கம் அக்கா பேச்சே இல்லாமல் இருந்தாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் கணக்கு தலைகீழ் அல்லவா!

1886 ஜனவரியில், 18 வயதில், மரியா வார்சாவுக்கு வடக்கே சூக்கி என்ற கிராமத்துக்குப் போனார். பனியில் சறுக்கு வண்டியில் இரவில் போய்ச் சேர்ந்தவர், விடிந்ததும் ஜன்னலைத் திறந்து காட்டையும் வயலையும் எதிர்பார்த்தார். எதிரே நின்றது சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. சுற்றிலும் சர்க்கரைக் கிழங்குக் கொல்லைகள். அங்கே மூன்றரை ஆண்டுகள். சம்பளத்தில் ஏறக்குறைய பாதி பாரிசுக்குப் போயிற்று. பகலில் எசமானர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம். எஞ்சிய நேரத்தில் அவ்வூர் உழவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போலிஷ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் கடுந்தண்டனை. இரவில் தாமே இயற்பியல், கணிதம் என்று படித்து, சந்தேகங்களைத் தந்தைக்கு அஞ்சலில் எழுதிக் கேட்டார். இலக்கியமா, சமூகவியலா, அறிவியலா என்று அதுவரை தடுமாறிய மனம் கணிதத்திலும் இயற்பியலிலும் நிலைத்தது இங்கேதான்.

அந்த வீட்டின் மூத்த மகன் காசிமிர், வார்சாவில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், விடுமுறைக்கு வந்தபோது மரியாவை விரும்பினார். மரியாவும் விரும்பினார். பெற்றோர் ஒப்பவில்லை. நேற்றுவரை மகளைப்போல் நடத்தியவர்கள், மருமகள் என்றதும் இவள் சம்பளக்காரி என்பதை நினைவுகொண்டனர். வேறு எவராயினும் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். மரியா அதே வீட்டில், அதே மேசையில் உணவருந்தி, ஓராண்டுக்கு மேல் அந்த வேலையில் நீடித்தார். இதென்ன மானங்கெட்ட பொறுமை என்று எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. விட்டுவிட்டு வந்தால் பாரிசுக்குப் பணம் யார் அனுப்புவது என்று அவள்தான் எனக்கு எடுத்துச் சொன்னாள். புத்தகத்தைப் படித்த நான் காணாததை, கேட்ட அவள் கண்டாள்.

1890-இல் பிரோனியாவிடமிருந்து அழைப்பு வந்தது. காசிமிர் டுலுஸ்கி என்ற போலந்து மருத்துவரை மணக்கப்போவதாகவும், மரியா வந்து தங்களுடன் தங்கிப் படிக்கலாம் என்றும் எழுதியிருந்தார். இத்தனை ஆண்டு காத்த கடிதம்! மரியாவோ வரவில்லை என்று பதில் எழுதினார். தந்தை தனியாக இருக்கிறார், தம் காலமும் போய்விட்டது என்பதுபோல் அப்பதில் இருந்தது. இதுதான் என்னை உலுக்கிய இடம். இரண்டு நோபல் பரிசு பெறப்போகிறவர், கதவு திறந்தபோது உள்ளே போக அஞ்சி நின்றிருக்கிறார்! மேலும் ஓராண்டுக்கு மேல் கழிந்தது. அதற்கிடையே வார்சாவில் உறவினர் ஒருவர் நடத்திய சிறு ஆய்வுக்கூடத்தில் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சோதனைகள் செய்து பார்க்க வாய்ப்புக் கிட்டியது. வாழ்வில் முதன்முறையாக ஆய்வுக் கருவிகளைக் கையால் தொட்டது அப்போதுதான். 1891 இலையுதிர் காலத்தில், வரட்டுமா என்று அவரே அக்காவுக்கு எழுதினார்.

ஜெர்மனி வழியே செல்லும் இரயிலில் நான்காம் வகுப்புப் பயணம். அந்தப் பெட்டியில் இருக்கை கிடையாது. மடக்கு நாற்காலியும் போர்வையும் வழிக்கு வேண்டிய உணவும் சுமந்துகொண்டு போனார். 1891 நவம்பரில் சோர்போனில் அறிவியல் புலத்தில் மாணவியாகப் பதிந்தார். மரியா என்ற பெயரைப் பிரெஞ்சு வழக்கில் மேரி என்று எழுதினார். வயது 24. வகுப்பில் பெரும்பாலோர் அவரைவிட இளையவர்கள்.

சேர்ந்தபின் தெரிந்தது, தமக்குத் தெரிந்ததாக நினைத்த பிரெஞ்சு தெரிந்த பிரெஞ்சு அன்று என்பது. பேராசிரியர்கள் விரைந்து பேசும்போது முழு வாக்கியங்கள் நழுவிப்போயின. சூக்கியில் தனியாகப் படித்த கணிதம், பாரிஸ் பள்ளிகளில் முறையாகப் படித்துவந்த மாணவர்களின் கணிதத்துக்கு ஈடாகவில்லை. இயற்பியல் சோதனை என்பதையோ அவர் அதிகம் செய்ததில்லை. தங்கப் பதக்கக்காரி வகுப்பில் பின்தங்கியவர் ஆனார். இதைப் படித்த இரவு நான் அகராதியைக்கூடப் புரட்டவில்லை; அந்தப் பக்கம் எனக்குத் தானாகவே புரிந்தது.

அவர் என்ன செய்தார்? பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. தமக்கு எது தெரியாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அதை அடியிலிருந்து படித்தார். கணிதத்தில் விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக நிரப்பினார். விரிவுரைகளில் முன்வரிசையில் போய் அமர்ந்தார். இயற்பியலில் லிப்மன், கணிதத்தில் அப்பெல் போன்ற பெரும் ஆசிரியர்கள் அவருக்கு வாய்த்தனர். பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து வைத்திருந்த நான் மறுநாள் இரண்டாம் வரிசைக்கு மாறினேன். முதல் வரிசைக்குத் துணிவு வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

முதல் சில மாதங்கள் அக்கா வீட்டில் தங்கினார். அத்தான் கலகலப்பானவர், வீட்டில் எப்போதும் நோயாளிகள், நண்பர்கள், பியானோ இசை. அங்கிருந்து சோர்போனுக்குக் குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸில் ஒரு மணி நேரம். படிப்புக்கு ஆகாது என்று கண்டு, 1892-இல் பல்கலைக்கழகம் அருகே ஒரு சிறு அறைக்குப் போனார். ஆறாவது மாடி, கூரைக்கு அடியில். மாதம் 40 ரூபிளில், அதாவது நாளொன்றுக்கு 3 பிராங்கில், வாடகை, உணவு, உடை, நூல், கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். விளக்கெண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்த, இரவு 10 மணி வரை நூலகத்தின் எரிவாயு விளக்கொளியிலும் கதகதப்பிலும் படிப்பார். பிறகு அறைக்கு வந்து எண்ணெய் விளக்கில் இரண்டு மணி வரை. அடுப்புக்கரி மூட்டையை ஆறு மாடிக்கும் அவரே தூக்குவார். குளிர்காலத்தில் முகம் கழுவும் பாத்திரத்து நீர் உறைந்துவிடும். இருக்கும் துணிகளையெல்லாம் போர்வைமேல் குவித்துக்கொண்டு படுப்பார். ரொட்டியும் தேநீரும் உணவு.

ஒருநாள் தோழி ஒருத்தியின் முன்னே மயங்கி விழுந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த அத்தான் மாடியேறிப் பார்த்தார். சமையல் செய்த அடையாளமே இல்லை. முந்தின நாளிலிருந்து தின்றது கொஞ்சம் முள்ளங்கியும் செர்ரிப் பழமும்தான். கையோடு வீட்டுக்கு அழைத்துப்போனார். பிரோனியா இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்துக் கொடுத்து உறங்க வைத்தார். பட்டிமன்றப் பேச்சாளர்கள் சிலர் இந்த மயக்கத்தைத்தான் பெருமையாகப் பேசுவார்கள். பட்டினி கிடந்தால் மேதை ஆகலாம் என்பதுபோல. எனக்கு அது உடன்பாடில்லை. பட்டினி எவரையும் மேதை ஆக்கியதாக எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. அன்று மாடியேறி வந்த அத்தானும் சமைத்துப் போட்ட அக்காவும் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விடுதியில் காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் படிக்கும் வழக்கத்தை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

1893 ஜூலை. இயற்பியல் பட்டத் தேர்வு. முடிவுகளைத் தர வரிசைப்படி அரங்கத்தில் வாசித்தார்கள். முதலில் வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது. கையில் பணம் தீர்ந்து, படிப்பைத் தொடர வழியில்லாத வேளையில், தோழி ஒருத்தியின் முயற்சியால் வார்சாவிலிருந்து 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. 1894-இல் கணிதப் பட்டத்தில் இரண்டாம் இடம். பின்னர் எஃகின் காந்தப் பண்புகளை ஆராயும் பணியில் வருமானம் வந்ததும், அதிலிருந்து அந்த 600 ரூபிளையும் திருப்பிக் கட்டிவிட்டார். உதவித்தொகையை யாரும் திருப்பித் தந்ததில்லை; அலுவலகத்தார் திகைத்தனராம். தம்மைப்போல் இன்னொரு மாணவிக்கு அது பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதன் பிறகு நடந்தது உலகறிந்தது. 1895-இல் பியர் கியூரியுடன் திருமணம். 1898-இல், படத்தில் இல்லாத தம் தாய்நாட்டின் பெயரால் பொலோனியம். அவ்வாண்டு டிசம்பரில் ரேடியம். ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி, 1902-இல் கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. 1903-இல் கணவருடனும் பெக்கரலுடனும் இயற்பியல் நோபல் பரிசு. 1906-இல் பாரிஸ் தெருவில் வண்டி ஏறிப் பியர் மாண்டார். அவர் விட்ட இடத்தில் நின்று பாடம் சொல்லி, சோர்போனின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். 1911-இல் வேதியியலுக்கு இரண்டாவது நோபல். முதல் உலகப் போரில் எக்ஸ்-ரே கருவி பொருத்திய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டுசென்றார். எந்தக் கதிர்களை ஆராய்ந்தாரோ அவற்றாலேயே இரத்தம் கெட்டு, 1934 ஜூலை 4-இல் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் உள்ளது.

புத்தகம் முடிய நான்கு மாதம் ஆயிற்று. கடைசிப் பக்கங்களுக்கு அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஏப்ரலில் மீண்டும் எழுதிய ஆங்கிலத் தேர்வில் தேறினேன். கணிதத்தை அப்போதும் கோட்டைவிட்டு, சென்ற நவம்பரில் திரும்ப எழுதியிருக்கிறேன். இம்மலர் அச்சேறும்போது முடிவு வந்திருக்கும். இப்போது வகுப்பில் புரியாவிட்டால் எழுந்து கேட்கிறேன். கேட்கும்போது குரல் நடுங்கத்தான் செய்கிறது.

அம்மையாரின் மரணத்தைச் சொல்லி முடித்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஒரு கேள்வி கேட்டாள். நோபல் பரிசைப் பற்றியோ ரேடியத்தைப் பற்றியோ அன்று. அந்தப் பிரோனியா என்ன ஆனாள் என்று கேட்டாள். புத்தகத்தை மறுபடி புரட்டியும் வேறு இடங்களில் தேடியும் அடுத்த வாரம் சொன்னேன். பிரோனியா மருத்துவரானார். கணவருடன் போலந்து திரும்பி, ஜாகோபேன் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். அது 1902-இல் திறக்கப்பட்டது. 1932-இல் வார்சாவில் ரேடியம் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றவரும் அவரே. தங்கையை அடக்கம் செய்த நாளில், போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணை அண்ணனும் அவரும் குழியில் இட்டனர்.

அக்காவுக்கு இந்தத் தை பிறந்தபோது 24 வயது முடிந்தது. மரியா பாரிசுக்குப் போன வயதுதான் அது என்று நான் சொல்லவில்லை; அவளே சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத என்னென்ன வேண்டும் என்று நான் விசாரித்து வைத்திருக்கிறேன். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்து எங்கே படிப்பது, உன் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறாள். மரியாவும் முதல் கடிதத்துக்கு வரமாட்டேன் என்றுதான் எழுதினார் என்று நினைவூட்டினேன். சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆனால் சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா சொன்னார்: தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கரையான் அரித்துவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாளாம்.